மோஹண்ட் மலைக்குள் ஆற்றுக் கூழாங்கல்: இமயமும் அதன் அடிவாரப் படுகையும்

மயூர்விஹார்வாசி எழுதியது:

தில்லியில் ஒரு பள்ளியில் பதினோராம் வகுப்புக்குப் புவியியல் நடத்துகிறேன். பாடநூல் சிவாலிக் குன்றுகளை மூன்று வரிகளில் கடந்துவிடுகிறது. பிள்ளைகள் அப்படிக் கடப்பதில்லை. டேராடூன் சாலையில் மோஹண்டைத் தாண்டி மேலேறும்போது, மலையை வெட்டிய சுவர்களில் முதலில் மணற்பாறை தெரிகிறது. மேலே போகப் போக, ஆற்றில் உருண்டு வழவழத்த கூழாங்கற்கள் அடுக்கடுக்காகப் பதிந்து கிடக்கின்றன. மலையிலிருந்து ஆறு கல்லைக் கொண்டுவரும், சரி. மலையே ஆற்றுக்கல்லால் ஆனது என்றால் எது முந்தியது, மலையா ஆறா என்று கேட்கிறார்கள்.

கூடவே என் கேள்வி ஒன்று. யமுனைக்குக் கிழக்கே எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணறு போட்டால் மணலும் களிமண்ணுமாக இறங்கிக்கொண்டே போகிறது. ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் நிற்பதோ கெட்டிப் பாறைமேல். ஒரே ஊருக்குள் இருக்கும் இந்த வேறுபாட்டுக்கும் இமயத்துக்கும் தொடர்பு உண்டா? விரிவாகவே சொல்லுங்கள். வகுப்பில் அரைகுறையாகச் சொல்ல எனக்கு மனம் வராது.


கற்சுவடி எழுதியது:

அம்மா, எண்ணெய் தேடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஜனக்புரியில் இருக்கிறேன். உங்கள் பிள்ளைகள் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறார்கள். அடியிலிருந்து தொடங்குகிறேன்.

இந்தியத் தட்டு ஆசியத் தட்டோடு மோதத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மோதல் என்றதும் இரண்டும் முட்டிக்கொண்டு நடுவே மண் குவிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது வேறு. இந்தியத் தட்டின் மேற்பகுதி துண்டு துண்டாகச் சீவப்பட்டு, ஒரு துண்டின்மேல் இன்னொன்று ஏறியது. கீழே இருக்க வேண்டிய பழைய பாறை இளைய பாறையின்மேல் ஏறி உட்காரும்படி செய்கிற சாய்வான உடைவைத்தான் உந்துப் பிளவு என்கிறோம். இமயத்தில் அப்படிப்பட்ட மூன்று பெரிய பிளவுகள் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கின்றன. வடக்கே இருப்பது மைய உந்துப் பிளவு. 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பை ஒட்டிய காலத்தில் அது வேகமாக இயங்கியது. அதற்குத் தெற்கே எல்லை உந்துப் பிளவு; வயது சுமார் 1 கோடி ஆண்டு. அனைத்துக்கும் தெற்கே, சமவெளி தொடங்கும் கோட்டில், முகப்பு உந்துப் பிளவு. இன்று இயங்குவது இதுதான், மோஹண்ட் குன்று இதன் முதுகில்தான் நிற்கிறது. ஆக, மலை தெற்கு நோக்கி நடந்து வருகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் இதிலிருந்து பிறக்கிறது.

இப்படி அடுக்கிய பாறையின் எடையைத் தட்டு தாங்க வேண்டும். நீர்மேல் மிதக்கும் நீண்ட மரப்பலகையின் ஒரு முனையில் ஆள் ஏறினால் அந்த முனை அமிழும். எடைக்கு முன்னால் ஒரு பள்ளம் விழும். இன்னும் தள்ளிப் பலகை சற்றே மேலெழும்பும். இந்தியத் தட்டு தனக்கு அடியில் இருக்கும் கவசம் (mantle) என்ற ஆழ்பாறை அடுக்கின்மேல் அப்படித்தான் வளைந்திருக்கிறது. மலைக்கு முன்னால் விழுந்த பள்ளமே கங்கைப் படுகை. முன்னிலப் படுகை என்ற வகைக்கு உலகில் இன்றும் உயிருள்ள பெரிய எடுத்துக்காட்டுகளில் இதுவும் ஒன்று.

பள்ளம் விழுந்ததோடு முடிவதில்லை. மலையிலிருந்து ஆறுகள் கொண்டுவரும் மண்ணும் எடைதானே? அது பள்ளத்தை இன்னும் அமுக்குகிறது. நீர் மட்டும் நிரம்பி 1 கிலோமீட்டர் ஆழம் இருக்கக்கூடிய பள்ளம், படிவு நிரம்பினால் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் படிவைக் கொள்ளும். கவசம், நீர், படிவு மூன்றின் அடர்த்தியையும் வைத்துப் பிள்ளைகளே இதைக் கணக்கிடலாம், செய்யச் சொல்லுங்கள். அதனால்தான் இமய அடிவாரத்தில் படிவின் தடிமன் 5 கிலோமீட்டரை எட்டுகிறது. தெற்கே வர வரக் குறைந்து, பண்டேல்கண்டின் பழம்பாறையில் ஒன்றுமில்லாமல் தேய்கிறது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் வடக்கே தடித்து தெற்கே மெலிந்த ஆப்பு வடிவம்.


அடித்தளம் எழுதியது:

கட்டட அடித்தளங்களுக்கு மண் ஆய்வு செய்பவன் நான். மயூர்விஹார் அம்மாவின் இரண்டாவது கேள்வியை ஒவ்வொரு வாரமும் துளைக்கருவியோடு பார்க்கிறேன். தில்லிக் கொத்தனாரிடம் மணல் கேட்டால் "பதர்பூரா, ஜமுனாவா?" என்பார். பதர்பூர் மணல் பருமனானது, செம்மை கலந்தது, தில்லி ரிட்ஜ் என்ற பாறைமேட்டின் கெட்டியான குவார்ட்சைட் பாறை உடைந்து வந்தது. ஜமுனா மணல் சாம்பல் நிறம், நுண்ணியது, கையில் எடுத்தால் அபிரகம் மினுங்கும். அந்த அபிரகம் இமயத்தின் உருமாற்றப் பாறைகளிலிருந்து வந்தது. ஒரே கட்டடத்தின் கான்கிரீட்டில் ஒன்று, பூச்சில் மற்றொன்று என்று இரண்டு மலைத்தொடர்களைச் சேர்த்துவிடுகிறோம்.

கற்சுவடி ஐயாவிடம் ஒரு கேள்வி. பலகை தள்ளிப்போய் மேலெழும்பும் என்றீர்கள். தில்லி ரிட்ஜ்தான் அந்த மேலெழும்பிய இடமா? ஒரு கருத்தரங்கில் அப்படிச் சொல்லக் கேட்டேன்.


வண்டல் எழுதியது:

கற்சுவடி ஐயா வருவதற்குள் நான் பதில் சொல்கிறேன். என் ஆய்வே இதை ஒட்டியது.

இல்லை. தட்டு வளைவதால் வரும் முன்புடைப்பு மிகவும் தாழ்வானது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில் சில நூறு மீட்டர் உயர்வு, அவ்வளவுதான். கண்ணால் பார்த்துக் குன்று என்று சொல்ல முடியாது. தில்லி ரிட்ஜ் ஆரவல்லியின் வடகோடி. அந்தக் குவார்ட்சைட் 100 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. இமயம் என்ற ஒன்று உருவாகத் தொடங்கும் முன்பே அது மடிந்து, நிமிர்ந்து, தேய்ந்து முடிந்துவிட்டது.

ஆனால் ரிட்ஜுக்கு இந்தக் கதையில் வேறு வேலை இருக்கிறது. அது வசீராபாத் அருகே தரைக்குள் மறைகிறதே தவிர முடிவதில்லை. படிவுகளுக்கு அடியில் ஹரித்வார் திசையில் நீள்கிறது. தில்லி–ஹரித்வார் முகடு என்பார்கள். கிழக்கே ஃபைசாபாத் முகடு, முங்கேர்–சஹர்சா முகடு என்று இன்னும் இரண்டு. இவற்றுக்கு இடையே ஆழமான பள்ளங்கள். வெளியே ஒரே சமவெளியாகத் தெரியும் கங்கைப் படுகை, அடித்தளத்தில் இப்படிப் பல அறைகளாகப் பிரிந்து கிடக்கிறது. சிந்து பக்கம் போகும் நீரையும் கங்கை பக்கம் போகும் நீரையும் பிரிக்கும் மேடு ஏறத்தாழ தில்லி–ஹரித்வார் முகட்டின் மேலேயே ஓடுகிறது. மலை அமுக்குகிறது, ஆனால் எங்கே எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதில் அடியில் இருக்கும் பழம்பாறைக்கும் ஒரு சொல் உண்டு. பாடநூல்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதே இல்லை, எனக்கு அதில் வருத்தம்.

பழைய முன்புடைப்பு ஒன்றைத் தேட வேண்டுமானால் சிம்லா சாலைக்குப் போக வேண்டும். சுபாத்து, டக்‌ஷாய், கசௌலி மூன்றும் ராணுவக் குடியிருப்புகளாகத்தான் நமக்குத் தெரியும். மூன்றும் பாறைத் தொகுதிகளின் பெயர்களும்கூட. சுபாத்து கடல் படிவு. அதில் நம்முலைட் என்ற காசு வடிவக் கடலுயிரியின் ஓடுகள் கிடைக்கின்றன. அதன்மேல் இருக்கும் டக்‌ஷாய் செந்நிற ஆற்றுப் படிவு. இரண்டுக்கும் நடுவே 1 கோடி ஆண்டுகளுக்கு மேல் எதுவுமே பதிவாகவில்லை. நேபாளத்திலும் இதே காலத்தில் இதே இடைவெளி இருக்கிறது. முன்புடைப்பு அந்த இடத்தைக் கடந்து தெற்கே நகர்ந்தபோது தரை மேலெழுந்து, படிவு நின்று, இருந்ததும் அரிக்கப்பட்டது என்பது பீட்டர் டிசெல்ஸ் குழுவின் விளக்கம். 1996-ல் டிசெல்ஸும் கேத்தரின் கைல்ஸும் முன்னிலப் படுகையை நான்கு பகுதிகளாகப் பிரித்து எழுதிய கட்டுரை இன்றும் எல்லோரும் தொடங்கும் இடம்: நகரும் மலையின் முதுகில் இருக்கும் படுகை, முன்பள்ளம், முன்புடைப்பு, அதற்கும் பின்னால் ஆழமற்ற பின்பள்ளம். டேராடூன் பள்ளத்தாக்கு முதல் வகை. மோஹண்ட் குன்று எழுந்து தெற்கே வழிமறித்ததால், அதற்கு வடக்கே தேங்கிய கற்களும் மண்ணும்தான் அந்த ஊர் இருக்கும் நிலம்.


கோசிக்கரை எழுதியது:

அப்பாவின் ரயில்வே வேலையால் பீகாரில் வளர்ந்தவன். இப்போது கரோல் பாக். 2008 ஆகஸ்ட் 18 அன்று குசஹாவில் கோசியின் கரை உடைந்தபோது எங்கள் பழைய அண்டை வீட்டார் எல்லாவற்றையும் இழந்தார்கள். அந்த ஆற்றின் போக்குக்கும் இந்தத் தட்டு வளைவுக்கும் தொடர்பு இருக்கிறதா?


வண்டல் எழுதியது:

இருக்கிறது. மலையை விட்டு வெளியே வந்ததும் ஆற்றின் சாய்வு திடீரெனக் குறைகிறது, சுமையை இறக்கிவைக்கிறது. இறக்கிய இடம் மேடாகிறது, ஆறு பக்கத்துப் பள்ளத்துக்குத் தாவுகிறது. கோசி இப்படியே கடந்த இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நூறு கிலோமீட்டருக்கும் அதிகமாக மேற்கே நகர்ந்து, விசிறி வடிவில் ஒரு பெரும் நிலத்தையே கட்டியது. கரைகள் கட்டி ஆற்றை நிறுத்திய பின் மண் கரைகளுக்குள்ளேயே குவிந்தது. சுற்றியுள்ள ஊர்களைவிட ஆற்றுப்படுகை உயர்ந்தது. 2008-ல் ஆறு கிழக்கே, தன் பழைய தடங்களில் ஒன்றுக்குத் தாவியது. மலை படுகைக்கு மண் தருவதை எந்தக் கரையாலும் நிறுத்த முடியாது. அந்த மண்ணுக்கு இடம் ஒதுக்காத திட்டம் எதுவும் அங்கே நிலைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

கங்கை ஏன் அடிவாரத்தை ஒட்டி ஓடாமல் தெற்கே தள்ளி ஓடுகிறது என்பதற்கும் இதுவே காரணம். வடக்கிலிருந்து வரும் விசிறிகள் அதைத் தள்ளிவிட்டன. படுகை கொள்ளாத மிச்சம் கடலுக்குப் போகிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன். அது வங்கக் கடலின் அடியில் சுமார் 3,000 கிலோமீட்டர் நீண்டு, சென்னைக்கு நேர் கிழக்கையும் இலங்கையையும் கடந்து, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வரை பரவிக் கிடக்கிறது. தமிழ்நாட்டுக்கு இமயம் எவ்வளவு தொலைவு என்று யாராவது கேட்டால் நான் கடலடியைக் காட்டுவேன்.


கற்சுவடி எழுதியது:

வண்டல் நன்றாகச் சொல்லியிருக்கிறார். நான் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

தில்லியிலிருந்து டேராடூன் போகும் வழியில் முசாஃபர்நகர் வருகிறதல்லவா? அதன் அருகே காலியானா என்றொரு ஊர். 1802-ல் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்ப்டன் தொடங்கிய நில அளவை வடக்கே வந்து சேர்ந்த நிலையங்களில் அதுவும் ஒன்று. மத்தியப் பிரதேசத்தின் கல்யாண்பூருக்கும் காலியானாவுக்கும் இடையேயான அட்சரேகை வேறுபாட்டை நிலத்தில் அளந்தபோது ஒரு விடை, நட்சத்திரம் பார்த்துக் கணித்தபோது வேறு விடை, வேறுபாடு 5.24 விகலை (ஒரு பாகையில் 3,600 விகலை). இமயத்தின் ஈர்ப்பு தூக்குக்குண்டை இழுக்கிறது என்று கல்கத்தாவின் பாதிரியார் ஜான் பிராட் கணக்கிட்டார். மலையின் அளவுக்கு அது ஏறத்தாழ 16 விகலை இழுத்திருக்க வேண்டும். இழுத்தது மூன்றில் ஒரு பங்குதான். 1855-ல் பிராட்டின் கணக்கும், அதற்கு ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளர் எழுதிய விளக்கமும் வெளிவந்தன. ஏரி சொன்னது, மலைக்கு அடியில் அடர்த்தி குறைந்த வேர் இருக்கிறது என்பது. மலையின் எடையைப் பூமியின் மேலோடு எப்படித் தாங்குகிறது என்ற சிந்தனையே இந்தக் கரும்புக்காட்டு நிலத்தில் அளந்த அளவையிலிருந்து கிளைத்தது. 1985-ல் ஹெலன் லியோன்-கேன், பீட்டர் மோல்னார் இருவரும் ஈர்ப்பு அளவுகளை வைத்துத் தட்டு வளைந்திருக்கும் விதத்தையே வரைந்துகாட்டினார்கள்.

இரண்டாவது, என் தொழில். உந்துப் பிளவுகள் படுகையின் படிவை மடித்து வளைத்து, எண்ணெயும் வாயுவும் தங்கும் பொறிகளைச் செய்கின்றன. காங்க்ராவின் ஜுவாலாமுகி கோயிலில் எரியும் சுடர் நிலத்திலிருந்து கசியும் இயற்கை வாயு. ஓஎன்ஜிசி 1957-ல் தன் முதல் கிணற்றை அங்கேதான் துளைத்தது. அசாமில் டிக்பாய், 1889-ல் எண்ணெய் கண்டது, நாகா உந்துப் பிளவின் மேல். அசாம் படுகையைப் போல இரண்டு பக்கமும் இரண்டு உந்துமலைகள் நெருக்கும் படுகை அரிது. வடமேற்கே இமயம், தென்கிழக்கே நாகா மலைகள். தட்டு இரண்டு பக்கமும் வளைகிறது.

இனி மோஹண்ட் கூழாங்கல்லுக்கு வருகிறேன். அம்மா, அந்தக் குன்று நேற்றைய கங்கைச் சமவெளி. மலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து சமவெளியில் பரப்பியதை, முகப்பு உந்துப் பிளவு தெற்கே வந்தபோது தூக்கிச் சாய்த்து நிறுத்தியது. மலை முந்தியதா ஆறு முந்தியதா என்றால்: வடக்கே இருக்கும் பெரிய மலை முதலில், அதன் ஆறு அடுத்து, ஆற்றுப் படிவு அடுத்து, அந்தப் படிவே மலையானது கடைசி. கீழே களிப்பாறையும் நுண்மணற்பாறையும், மேலே கூழாங்கல் பாறையும் வருவதற்குக் காரணம், மலை மேன்மேலும் உயர்ந்ததும் பிளவுகள் நெருங்கி வந்ததும்தான். கல் பருமனானால் மலை எழும்புகிறது என்று பொருள்.


வண்டல் எழுதியது:

ஐயா, கடைசி வரியில் நான் உங்களோடு உடன்பட முடியாது. மிகுந்த மதிப்போடு, ஆனால் அழுத்தமாகவே சொல்கிறேன். ஏனென்றால் பாதிப் பாடநூல்களில் இந்த வரி இப்படியே கிடக்கிறது.

1988-ல் பால் ஹெல்லர் குழு ஒரு நேர்மாறான வாதத்தை வைத்தது. பிளவு இயங்கி எடை ஏறும்போது, மலையடியில் பள்ளம் வேகமாக விழுகிறது. பருமனான கல் எல்லாம் அந்தப் பள்ளத்திலேயே சிக்கிக்கொள்ளும். தள்ளியிருக்கும் இடங்களுக்குக் களிமண்தான் போய்ச்சேரும். பிளவு ஓய்ந்து, மலை தேய்ந்து, எடை குறைந்து, தட்டு மீண்டும் நிமிரும்போதுதான் பள்ளத்தில் இடம் இல்லாமல் கூழாங்கல் தெற்கே பரவும். அதாவது தொலைவில் கூழாங்கல் வந்தது மலை ஓய்ந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம்.

இதைவிட எளிய காரணம் ஒன்றும் இருக்கிறது. என் பார்வையில் இதுவே முதன்மையானது. படுகை நின்ற இடத்தில் நிற்பதில்லை. இந்தியத் தட்டு இமயத்தின் அடியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. நுழைகிறது, நேபாளத்தில் பாக்மதி ஆற்றின் பழைய கரைமேடைகளை வைத்து லாவே, அவுவாக் இருவருக்கும் 2000-ல் முகப்புப் பிளவுக்கு மட்டும் கிடைத்த வேகம் 21 மி.மீ. படுகையின் தெற்கு விளிம்பு தெற்கே நகரும் வேகமும் ஆண்டுக்கு 1 முதல் 1.5 செ.மீ. என்று லியோன்-கேனும் மோல்னாரும் கணித்தார்கள். அப்படியானால் சமவெளியின் ஒரு புள்ளி 10 லட்சம் ஆண்டுகளில் 10 முதல் 20 கிலோமீட்டர் மலையை நெருங்கிவிடுகிறது. இன்று ஆறுகளில் கூழாங்கல் முடிந்து மணல் தொடங்கும் எல்லை மலைமுகப்பிலிருந்து சுமார் 10 முதல் 20 கிலோமீட்டரில் இருக்கிறது. கூழாங்கல் நிறைந்த பாபர் பகுதி முடிந்து ஈரமான தராய் நிலம் தொடங்குவதும் அதை ஒட்டித்தான். இப்போது ஒரு புள்ளியைப் பின்தொடருங்கள். தொலைவில் இருக்கும்போது அதன்மேல் களிமண், நெருங்கும்போது மணல், எல்லையைத் தாண்டியதும் கூழாங்கல். மலை ஒரு அங்குலம்கூட உயராவிட்டாலும், மழை ஒரு துளிகூட மாறாவிட்டாலும் இதே வரிசைதான் கிடைக்கும். நேபாள சிவாலிக்கில் மணற்பாறை திடீரெனக் கூழாங்கல் பாறையாக மாறும் இடத்தை இன்றைய ஆறுகளின் எல்லையோடு ஒப்பிட்டு டூபியும் லாவேயும் 2015-ல் காட்டியது இதைத்தான்.

பாறைச்சுவர் முதலில் நமக்குச் சொல்வது மலையின் உயரத்தை அல்ல, மலையின் தொலைவை.


கற்சுவடி எழுதியது:

தொலைவு என்ற வாதம் வலுவானது. ஆனால் எல்லாக் கூழாங்கல்லையும் அதிலேயே அடைத்துவிடாதீர்கள், தம்பி. ஹெல்லர் எழுதிய அதே 1988-ல் டக்ளஸ் பர்பாங்க் குழு வடமேற்கு இமயத்தின் முன்னிலப் படுகையில், பாறையில் பதிந்த காந்தத் திசைமாற்றங்களைக் கொண்டு காலம் கணித்து, அந்தக் கருத்தைச் சோதித்தது. பிளவுகள் இயங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே கூழாங்கல் பரவியதை அவர்கள் காட்டினார்கள். அங்கே பாகிஸ்தானின் பொத்வார் பீடபூமிக்கு அடியில் உப்புப் படலம் இருக்கிறது. உப்பு வழுக்குவதால் மலைமுகப்பு தெற்கே வெகுதூரம் தாவியது. மோஹண்டில் உப்பு இல்லை. பிளவுகள் அடுக்கிய பாறை ஆப்பு அங்கே குறுகியது, செங்குத்தானது. ஒரு படுகையின் விதியை இன்னொன்றுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. அறைக்குள் இருந்து கணிப்பொறியில் செய்யும் மாதிரிகளைவிட அந்தந்த இடத்துக் கல்லை நான் நம்புகிறேன்.


வண்டல் எழுதியது:

இடத்துக் கல்லை நானும் நம்புகிறேன் ஐயா. அந்தக் கல்லே இன்னொரு எச்சரிக்கையும் தருகிறது. 2017-ல் எலிசபெத் டிங்கிள் குழு எழுதியது: மலைமுகப்பிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே உடைந்த கல்லில் பெரும்பகுதி, சமவெளிக்கு வருவதற்குள் உரசி உரசி மணலாகிவிடுகிறது. தப்பிப்பது பெரும்பாலும் குவார்ட்சைட். ஆக, உயர் இமயத்தில் பெரிய நிலச்சரிவே நடந்தாலும் கூழாங்கல்லின் அளவு பெரிதாக மாறாது, மணல்தான் கூடும். உயர் இமயத்தின் கதையைக் கேட்க வேண்டுமானால் கூழாங்கல்லை விட்டுவிட்டு மணற்பாறைக்குள் இருக்கும் கனிமத் துகள்களிடம் போக வேண்டும். மலையின் மேல்தோல் முதலில் அரிக்கப்பட்டதால் அதன் துகள் படுகையின் அடியில் இருக்கிறது. ஆழத்தில் வெந்த பாறை பின்னர் வெளிப்பட்டதால் கார்னெட், கயனைட் போன்றவை மேல் அடுக்குகளில் வருகின்றன. மலை தலைகீழாகப் பதிவாகியிருக்கிறது. மலையிலேயே அழிந்துபோன பாறைக்கும் படுகையில் சான்று கிடைக்கிறது என்பதுதான் இந்தத் துறையில் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது.


அடித்தளம் எழுதியது:

என் பங்குக்கு ஒன்று மட்டும். தில்லி இந்தப் படுகையின் மெலிந்த ஓரத்தில் இருந்தாலும், ரிட்ஜின் இரு பக்கமும் சில இடங்களில் வண்டல் 300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. முகப்புப் பிளவு நமக்குத் தொலைவில் இருக்கலாம்; அதன் அதிர்வு இந்த மென்மையான மண்ணில் பெருகும். 1934 பீகார்–நேபாள நிலநடுக்கத்தில் மலையிலிருந்து தள்ளியிருந்த சமவெளியில் ஈரமணல் குழம்பாகி வீடுகள் சாய்ந்து அமிழ்ந்தன. யமுனைக் கரையில் கட்டுபவர்கள் மண் ஆய்வு அறிக்கையைச் சடங்காக நினைப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. மலை செய்த மண் இது, மலை அசைந்தால் இதுவும் அசையும்.


மயூர்விஹார்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தொலைவா உயரமா என்ற இந்த வாதத்தையே வகுப்பில் வைக்கப்போகிறேன். மோஹண்டில் பிள்ளைகள் கையால் அளந்து பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா? ஆய்வுக்கூடக் கருவி எதுவும் எங்களிடம் இல்லை.


வண்டல் எழுதியது:

இருக்கிறது. ஒரு மீட்டர் சதுரம் சுண்ணக்கட்டியால் வரைந்து, அதற்குள் தெரியும் கற்களை வகை பிரித்து எண்ணச் சொல்லுங்கள்: குவார்ட்சைட், சுண்ணாம்புக்கல், மணற்பாறை, மற்றவை. தட்டையான கற்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று காம்பஸால் குறிக்கட்டும். ஆற்றில் தட்டைக்கல் நீர் வரும் திசையை நோக்கிச் சாய்ந்து படியும். பழைய ஆறு எங்கிருந்து ஓடிவந்தது என்பது தெரிந்துவிடும். பாறை அடுக்கே இப்போது சாய்ந்திருப்பதால் அந்தச் சாய்வையும் அளந்து கழிக்க வேண்டும். கீழே, நடுவே, மேலே என்று மூன்று இடங்களில் செய்தால் ஒப்பிடலாம்.


கற்சுவடி எழுதியது:

எண்ணும்போது மணற்பாறைக் கூழாங்கல்லைத் தனியாகக் குறித்துவையுங்கள் அம்மா. அது படுகையின் பழைய மணற்பாறையே உடைந்து உருண்டதாக இருந்தால், பிளவு அதற்குள் படுகைக்கு உள்ளேயே வந்து, பழைய படிவைத் தூக்கி அரிக்கக் கொடுத்துவிட்டது என்று பொருள். தொலைவு மட்டும் குறைந்தால் அந்தக் கல் வராது. மேலே போகப் போக அதன் பங்கு கூடுகிறதா என்பதுதான் வண்டலுக்கும் எனக்கும் இடையே உள்ள வழக்கில் சான்று. எண்ணியதை இங்கே பதிவிடுங்கள்.

சாலை ஓர வெட்டுச் சுவரின் கீழே பிள்ளைகளை நிறுத்தாதீர்கள், கல் பெயர்ந்து விழும். அங்கே ராவ் என்று சொல்லும் வறண்ட ஓடைகளின் கரைகள் பாதுகாப்பானவை, பாறையும் தெளிவாகத் தெரியும். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி முன்கூட்டியே வாங்குங்கள். மழை முடிந்து, அக்டோபருக்குப் பிறகு போங்கள். மழைக்காலத்தில் அந்த ஓடைகளில் வெள்ளம் சொல்லாமல் வரும்.